கேன்சல் கையெழுத்துக்கு முன்னால்: அமீரகத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவோருக்கு முழுமையான வழிகாட்டி

துபாயிலும் சார்ஜாவிலுமாக 19 ஆண்டுகள் ஒரு கட்டுமான கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். முடித்துக்கொண்டு போகிறவர்களின் கடைசிக் கணக்குத் தாளைப் போடுவது என் வேலைகளில் ஒன்று. நூற்றுக்கணக்கான பேருக்குப் போட்டிருக்கிறேன், கடைசியில் எனக்கே போட்டுக்கொண்டேன். அப்படிப் போனவர்களில் பலர் ஊருக்குப் போன பிறகு போன் செய்வார்கள். "அண்ணே, பேங்க் கணக்கைத் திறக்க முடியல, ஓடிபி பழைய நம்பருக்குப் போகுது." "அண்ணே, வீட்டு டெபாசிட் வரவே இல்ல." எல்லாம் அங்கே இருந்தபோது அரை நாளில் முடித்திருக்கக் கூடிய வேலைகள். ஊரிலிருந்து செய்யப் போனால் மாதக்கணக்காகும், சில வேலைகள் நடக்கவே நடக்காது.

காரணம் எளிது. அமீரகத்தில் வங்கி, வீடு, போன், கார், மின்சாரம் எல்லாமே எமிரேட்ஸ் ஐடியையும் அதோடு பதிந்த கைபேசி எண்ணையும் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பழைய ஆட்கள் இன்னும் பத்தாக்கா என்று சொல்கிற அந்த அட்டைக்கு உயிர் உங்கள் விசா. விசா ரத்தான பிறகு ஊரைவிட்டுக் கிளம்ப ஒரு கெடு தருவார்கள். விசா வகையைப் பொறுத்து அது மாறும், ரத்துத் தாளில் கடைசித் தேதி அச்சாகியிருக்கும். அந்தக் கெடுவுக்குள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். விசா ரத்துத் தாளில் கேன்சல் கையெழுத்து போடும் நாளை ஒரு காகிதத்தின் அடியில் எழுதுங்கள். மற்ற வேலைகளை அதிலிருந்து மேல்நோக்கி, ஒவ்வொன்றுக்கும் வேண்டிய நாளை விட்டு எழுதிக்கொண்டே போங்கள். இந்தக் கட்டுரையையும் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்: தேதியை முடிவு செய்வது

பிள்ளைகள் உங்களோடு இருந்தால் தேதியை அவர்கள் படிப்புதான் முடிவு செய்யும். அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கு ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். தமிழ்நாட்டில் ஜூனில் பள்ளி திறக்கும். மார்ச் தேர்வு முடிந்து ஏப்ரல், மே மாதங்களில் வந்து சேர்ந்தால் படிப்பு அறுந்துபோகாது. சிபிஎஸ்இயில் 9ஆம் வகுப்பிலும் 11ஆம் வகுப்பிலும் மாணவர் பெயரை வாரியத்தில் பதிந்துவிடுவார்கள். அதனால் 10க்கோ 12க்கோ போகும் பிள்ளையை நடுவில் பள்ளி மாற்றுவது பெரிய அலைச்சல். பிள்ளை 9இலோ 11இலோ இருந்தால், இன்னும் ஓராண்டு தள்ளிப்போட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் மனைவி, பிள்ளைகள் அங்கே இருந்து தேர்வை முடிக்க வழி உண்டா என்று, விசா வேலைகளைப் பார்க்கும் கம்பெனி பி.ஆர்.ஓவிடம் இப்போதே கேளுங்கள். குடும்ப விசா உங்கள் விசாவைச் சார்ந்தது. உங்களுடையதை ரத்து செய்யும் முன் அவர்களுடையதை ரத்து செய்தாக வேண்டும்.

வருமான வரிக்காகத் தேதியைத் தள்ளிப்போட வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். வளைகுடாவில் பல ஆண்டுகள் இருந்து, வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் ஊர் வந்து போனவர் என்றால் பெரிதாகக் கவலை வேண்டாம். ஒரு நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தால் அந்த ஆண்டுக்கு நீங்கள் இந்தியவாசி. ஆனாலும் அதற்கு முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகள் வெளிநாட்டுவாசியாக இருந்தவரையும், முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தமாக 729 நாளோ அதற்குக் குறைவாகவோ மட்டுமே இந்தியாவில் இருந்தவரையும் சட்டம் தனிப்பிரிவில் வைக்கிறது. கணக்காளர்கள் இதை ஆர்.என்.ஓ.ஆர். என்பார்கள். இந்த நிலையில் இருக்கும்வரை, வெளிநாட்டில் சம்பாதித்து அங்கேயே கையில் வாங்கிய சம்பளத்துக்கு இங்கே வரி கிடையாது. பெரும்பாலானவர்களுக்கு இந்த நிலை இரண்டு, மூன்று ஆண்டுகள்கூட நீடிக்கும்.

இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் போய்விட்டு இப்போது திரும்புகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். அவர் நாள் கணக்கை ஒரு கணக்காளரிடம் காட்டிவிட்டுத் தேதி குறிப்பது நல்லது. அந்த நிதியாண்டில் விடுமுறைக்கு வந்துபோன நாள்களும் கணக்கில் சேரும்.

இன்னொன்றையும் ஆறு மாதம் முன்பே செய்யச் சொல்கிறேன், யாரும் செய்வதில்லை. அது இந்தியாவில் மருத்துவக் காப்பீடு. கம்பெனி தந்த காப்பீடு விசாவோடு முடிந்துபோகும். இந்தியாவில் புதிதாக எடுக்கும் பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு அதிகபட்சம் 3 ஆண்டுகள் காத்திருப்புக் காலம் வைக்கலாம். கடைசி விடுமுறையில் ஊர் வரும்போதே பரிசோதனை செய்து பாலிசி எடுத்துவிட்டால், அந்தக் காத்திருப்பு நீங்கள் அங்கே வேலையில் இருக்கும்போதே ஓடத் தொடங்கும். 50 வயதைத் தாண்டியவருக்கு இது பெரிய விஷயம். இருக்கும் நோயை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்து எடுத்த பாலிசி, பணம் தேவைப்படும் நாளில் கைவிட்டுவிடும்.

சர்வீஸ் பணம்: உங்கள் கணக்கை நீங்களே போடுங்கள்

ராஜினாமா கொடுக்கும் முன் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். நோட்டீஸ் காலம் 30 நாளிலிருந்து 90 நாள்வரை ஒப்பந்தப்படி இருக்கும். கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு சான்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையாக மேனேஜரிடம் சொல்லிவிட்டு வந்தால் நாள் ஓடத் தொடங்காது.

2022 பிப்ரவரி 2 முதல் நடப்பில் இருக்கும் தொழிலாளர் சட்டப்படி, ஓராண்டு முடித்தவருக்கு, வேலையை முடித்துப் போகும்போது கம்பெனி தரும் சர்வீஸ் பணம் (கிராஜுவிட்டி) உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டுக்கும் 30 நாள். முழு ஆண்டாக இல்லாத மாதங்களுக்கும் விகிதப்படி வரும். மொத்தம் இரண்டு ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டாது. பழைய சட்டத்தில், தானாக ராஜினாமா செய்தால் குறைத்துக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. இப்போது அது இல்லை. இன்றும் சில இடங்களில் பழைய கணக்கைக் காட்டுவார்கள், ஏமாந்துவிடாதீர்கள்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். மொத்தச் சம்பளம் 5,000 திர்ஹம், அதில் அடிப்படை 3,000. எட்டு ஆண்டு வேலை. ஒரு நாள் அடிப்படை 3,000ஐ 30ஆல் வகுத்தால் 100. முதல் ஐந்து ஆண்டுக்கு 105 நாள், அதாவது 10,500 திர்ஹம். அடுத்த மூன்று ஆண்டுக்கு 90 நாள், 9,000 திர்ஹம். ஆக 19,500. மொத்தச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போட்டு, 32,500 வரும் என்று நம்பி ஊரில் வீட்டு வேலையைத் தொடங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தில் 'பேசிக்' என்று எழுதியிருக்கும் எண்தான் கணக்கு. சம்பளமில்லாமல் விடுப்பில் இருந்த நாள்கள் சர்வீஸில் சேராது. துபாயின் நிதி மையமான டிஐஎஃப்சி வளாகக் கம்பெனிகளில் 2020 முதல் வேறு முறை: அங்கே கம்பெனி மாதாமாதம் ஒரு சேமிப்புத் திட்டத்தில் பணம் போட்டுவரும், போகும்போது அதை எடுக்க வேண்டும்.

சர்வீஸ் பணத்தோடு, எடுக்காத விடுப்புக்கான பணம், நிலுவைச் சம்பளம், கூடுதல் நேர வேலைப் பணம் எல்லாம் சேரும். வேறு கம்பெனிக்கு மாறாமல் ஊருக்கே திரும்புகிறவருக்கு, ஒப்பந்தம் முடியக் காரணம் அவர் அல்ல என்றால், விமான டிக்கெட் கம்பெனியின் பொறுப்பு. ஒப்பந்தம் முடிந்து 14 நாளுக்குள் எல்லாம் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம்.

இப்போது கேன்சல் தாளுக்கு வருகிறேன். அதில் "எனக்கு வர வேண்டிய பாக்கி எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வாசகம் இருக்கும். அரபியிலும் ஆங்கிலத்திலும் இருப்பதால் பலர் படிக்காமலே போட்டுவிடுவார்கள். என் அறையில் இருந்த மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவன் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்தான். ஒரு நாள் சாயங்காலம் வந்து, "அண்ணே, கையெழுத்து போட்டாச்சு. பணம் அடுத்த வாரம் பேங்க்ல போட்டுடுறேன்னு சொல்லிட்டாங்க" என்றான். அடுத்த வாரம் அவன் ஊரில் இருந்தான், பணம் வரவில்லை. எட்டு மாதம் கெஞ்சிக் கெஞ்சிப் பாதிப் பணம் வாங்கினான். அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்வேன்: பணம் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அல்லது கையில் காசோலையை வாங்கிக்கொண்டு போடுங்கள். கம்பெனி மறுத்தால் சண்டை போட வேண்டாம். அங்கே இருக்கும்போதே தொழிலாளர் அமைச்சகத்தின் செயலியிலோ உதவி எண்ணிலோ புகார் கொடுங்கள். 2024 தொடக்கத்திலிருந்து 50,000 திர்ஹம் வரையுள்ள வழக்குகளை அமைச்சகமே முடித்துத் தீர்ப்புச் சொல்கிறது, நீதிமன்றம்வரை போக வேண்டியதில்லை. நம் ஆள்களின் கணக்கு பெரும்பாலும் அதற்குள் அடங்கும்.

பணி அனுபவச் சான்றிதழையும் இதோடு கேளுங்கள். கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊரில் வேறு வேலை தேடும் நாளில் அந்தத் தாளின் மதிப்பு தெரியும். பட்டச் சான்றிதழோ பாஸ்போர்ட்டோ அலுவலகத்தில் இருந்தால் அதையும் வாங்கிவிடுங்கள்.

வங்கியும் கடனும்

கடன் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசிக் கணக்குப் பணம் சம்பளக் கணக்கில் ஏறியதும், அது சர்வீஸ் பணம் என்று வங்கிக்குத் தெரிந்துவிடும். கடன் பாக்கி இருந்தால் அந்தப் பணத்தைப் பிடித்துவைக்கும். இது ஒப்பந்தத்தில் நீங்களே ஒத்துக்கொண்டது. ஆகவே நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே வங்கிக்குப் போய் எவ்வளவு பாக்கி, முன்கூட்டி அடைத்தால் என்ன கட்டணம் என்று எழுத்தில் வாங்கி, அதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கிரெடிட் கார்டை ரத்து செய்ய விண்ணப்பித்தால், பாக்கி இல்லை என்ற கடிதம் கைக்கு வரப் பெரும்பாலும் ஒன்றரை மாதம் ஆகும். கார்டில் போட்ட ஏதாவது செலவு தாமதமாக வந்து சேரலாம் என்று வங்கி காத்திருக்கும். அதனால் கார்டுகளை மூன்று மாதத்துக்கு முன்பே மூட ஆரம்பியுங்கள். பாக்கியை அடைத்துவிட்டால் கார்டு தானாக முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். முடியாது. ஆண்டுக் கட்டணம் ஏறும், அதற்கு அபராதம் ஏறும், அபராதத்துக்கு வட்டி ஏறும். எனக்குத் தெரிந்த ஒருவர் சுத்தமாக அடைத்துவிட்டுத்தான் வந்தார், ரத்து செய்ய மட்டும் மறந்துவிட்டார். நான்கு ஆண்டு கழித்து வசூல் ஆட்கள் அவர் ஊர் வீட்டுக்கே போன் செய்தார்கள்.

கடன் முடிந்ததும் இரண்டு தாள் வாங்குங்கள்: பாக்கி இல்லை என்ற சான்றிதழ், கடன் வாங்கியபோது நீங்கள் கொடுத்த பாதுகாப்புக் காசோலை. அந்தக் காசோலை உங்கள் கைக்குத் திரும்பி வர வேண்டும். அதற்குப் பிறகு, எல்லோருடைய கடன், கார்டு விவரத்தையும் வைத்திருக்கும் அல் எத்திஹாத் கிரெடிட் பீரோவின் அறிக்கையைக் கட்டணம் கட்டி இறக்கிப் பாருங்கள். நீங்களே மறந்துபோன ஒரு பழைய கார்டு அதில் தெரியலாம். துபாயில் வழக்கு எதுவும் உங்கள் பேரில் இருக்கிறதா என்பதைத் துபாய் போலீஸ் செயலியிலும், அபுதாபியில் என்றால் நீதித் துறையின் எஸ்தஃப்சர் சேவையிலும் பார்க்கலாம். விமான நிலையத்தில் பயணத் தடை என்று தெரியவருவதைவிட வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்வது எவ்வளவோ மேல்.

கடனை விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். 2020 ஜனவரியில் இந்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, அமீரக நீதிமன்றங்களின் பணத் தீர்ப்புகளை இங்குள்ள மாவட்ட நீதிமன்றம் வழியாக நேரடியாக நிறைவேற்ற முடியும். நீங்கள் ஊரில் கட்டிய வீட்டையே அது தொடலாம். அடைக்க முடியாத நிலை என்றால், அங்கே இருக்கும்போதே வங்கியிடம் பேசித் தவணை மாற்றி எழுதி வாங்குவதுதான் வழி.

உங்கள் பெயரில் ஓடும் அடுத்தவர் பொருள்

எந்தப் பட்டியலிலும் வராத, ஆனால் நம் ஆள்களை அதிகம் கடிக்கிற விஷயம் இதுதான். பல ஆண்டு ஒன்றாக அறையில் இருந்தவர்களுக்கு நாம் கேள்வி கேட்காமல் உதவி செய்திருப்போம். ஒரு நாள் உட்கார்ந்து பட்டியல் போடுங்கள்.

உங்கள் ஐடியில் வாங்கி அடுத்தவர் கையில் இருக்கும் சிம். தவணையில் எடுத்துக்கொடுத்த ஐபோன். யாரோ ஒருவரின் கடனுக்குப் போட்ட ஜாமீன். உங்கள் பெயரில் வாடகை ஒப்பந்தம், ஆறு பேர் பெட் ஸ்பேஸில் தங்கும் வில்லா. நண்பருக்குக் கொடுத்த கார்டு. இது ஒவ்வொன்றிலும் சட்டத்தின் பார்வையில் நீங்கள்தான் பொறுப்பு. சிம்மை அவர் பெயருக்கு மாற்றுங்கள், மாறாவிட்டால் துண்டியுங்கள். தவணை போனுக்கு மீதிப் பணத்தைக் கட்டி முடித்துவிடச் சொல்லுங்கள். "நீங்க போங்கண்ணே, நான் மாசாமாசம் கட்டிடுறேன்" என்பதை மனசார நம்பலாம், ஆனால் அவருக்கு வேலை போனால் என்ன செய்வார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அறையில் நடக்கும் சீட்டையும் முடியுங்கள். எடுத்துவிட்ட சீட்டுக்கு மீதித் தவணையை மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போவது மரியாதை. எடுக்காத சீட்டு என்றால் போகும் முன் உங்கள் முறையை முன்னால் கேட்டு வாங்கிவிடுங்கள். கைமாற்றாகக் கொடுத்த பணத்தை நினைவுபடுத்தக் கூச்சப்பட வேண்டாம். மூன்று மாதம் முன்பே "நான் முடிச்சிட்டுப் போறேன்ப்பா, உனக்கு எப்ப தோது?" என்று கேட்டால் பெரும்பாலோர் கொடுத்துவிடுவார்கள். கடைசி வாரம் கேட்டால் அவருக்கும் வழி இருக்காது.

வீடு, மின்சாரம், கார்

கம்பெனி அறையில் இருந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

வாடகை ஒப்பந்தத்தில் நடுவில் காலி செய்தால் என்ன என்று ஒரு வரி இருக்கும். இரண்டு மாத வாடகையோ இரண்டு மாத முன்னறிவிப்போ கேட்பது வழக்கம். முடிந்தால் ஒப்பந்தம் முடியும் மாதத்தோடு உங்கள் பயணத்தைச் சேர்த்துவையுங்கள். வீட்டுக்காரரிடம் கொடுத்துவைத்த பின்தேதிக் காசோலைகள் எத்தனை என்று எண்ணி, பயன்படாதவை எல்லாவற்றையும் திரும்ப வாங்குங்கள். காலி செய்யும் நாளில் வீட்டை வீடியோ எடுத்து வைத்தால் டெபாசிட்டில் வெட்டும்போது பேச வசதி. கட்டடக் காவலாளியான நாத்தூரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவது போதாது. ஏஜென்டிடமோ உரிமையாளரிடமோ பெற்றுக்கொண்டேன் என்று எழுதி வாங்க வேண்டும்.

துபாயில் மின்சாரம், தண்ணீருக்குத் தேவா என்ற நிறுவனத்தில் ஃபிளாட்டுக்கு 2,000 திர்ஹமும் வில்லாவுக்கு 4,000 திர்ஹமும் டெபாசிட் கட்டியிருப்பீர்கள். அவர்கள் செயலியில் வெளியேறும் தேதியைக் கொடுத்தால் கடைசி பில் போட்டு, மிச்சத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கு அனுப்புவார்கள். அந்தக் கணக்கு அப்போது உயிரோடு இருக்க வேண்டும், இதை மறக்காதீர்கள். கடைசி பில்லைக் காட்டி, இஜாரி என்ற வாடகை ஒப்பந்தப் பதிவையும் ரத்து செய்யுங்கள். குளிரூட்டலுக்குத் தனிக் கம்பெனி இருக்கும் கட்டடம் என்றால் அங்கேயும் ஒரு டெபாசிட் கிடக்கும்.

கார் இருந்தால் வாங்குபவரோடு நேரில் போய், வண்டிப் பதிவு அட்டையான முல்கியாவை அவர் பெயருக்கு மாற்றிய பிறகே சாவியைக் கொடுங்கள். அபராதம் எல்லாம் கட்டியிருந்தால்தான் மாற்ற முடியும். வண்டிக்கு வங்கிக் கடன் இருந்தால் அதை அடைத்த கடிதமும் வேண்டும். சாலைக் கட்டணத்துக்கான சாலிக் கணக்கையும் அந்த வண்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். அங்குள்ள ஓட்டுநர் உரிமத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது மறுபடி போகும் சூழல் வந்தால் உதவும். உங்கள் தமிழ்நாட்டு உரிமம் காலாவதியாகி ஓராண்டு தாண்டிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டிவரும். கடைசி விடுமுறையிலேயே புதுப்பித்துவிடுவது நல்லது.

கொண்டுவர வேண்டிய தாள்கள்

பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழைப் பள்ளி கொடுப்பதோடு முடியாது, துபாயில் கேஹெச்டிஏ என்ற கல்வி ஆணையமும் மற்ற எமிரேட்டுகளில் அங்கே அதற்குரிய கல்வித் துறையும் அதில் சான்று போட வேண்டும். அங்கே பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அமீரக வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை இருக்கிறதா, இந்தியத் துணைத் தூதரகத்தில் பிறப்பு பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஊரிலிருந்து கொண்டு இவற்றை வாங்குவதற்கு ஏஜென்ட் கேட்கும் தொகை வயிற்றைக் கலக்கும்.

போலீஸ் நற்சான்றிதழ் இப்போது தேவையில்லை என்று தோன்றும். ஆனால் பின்னால் கனடாவுக்கோ வேறு நாட்டுக்கோ விண்ணப்பித்தால், நீங்கள் இருந்த நாட்டின் சான்றிதழைக் கேட்பார்கள். அங்கே இருக்கும்போது கைபேசியிலேயே வாங்கலாம். வெளியே வந்த பிறகு கைரேகை எடுத்து அதற்குச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். மருத்துவமனைக் கோப்பு, பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை, கடைசி ஐந்து ஆண்டு வங்கி அறிக்கை, சம்பளச் சான்றிதழ், எல்லா எமிரேட்ஸ் ஐடி, விசாப் பக்கங்களின் நகல், பழைய பாஸ்போர்ட்டுகள் ஆகியவற்றையும் சேருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகள்தான் எத்தனை நாள் வெளிநாட்டில் இருந்தீர்கள் என்பதற்குச் சாட்சி. இந்தத் தாள்களைக் கைப்பெட்டியில் வையுங்கள், கார்கோவில் போடாதீர்கள்.

பொருளும் நகையும்

கார்கோக்காரர் வந்து பெட்டி கட்டும்போது மனசு எல்லாவற்றையும் எடுத்துப்போகச் சொல்லும். அமீரகத்திலும் நம் ஊரிலும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே மிக்ஸியோ அயர்ன் பாக்ஸோ ஓடும், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். ஆனால் வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் வாங்கிய கம்பெனியின் பழுதுபார்ப்பு ஊரில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். என் கருத்து: கட்டில், பீரோ, பழைய டிவி வேண்டாம். புத்தகம், பாத்திரம், தையல் மெஷின், பிள்ளைகள் பிரிய மாட்டாத பொருள்கள் வரட்டும்.

இரண்டு ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்து, அந்த இரண்டு ஆண்டில் ஊருக்கு வந்துபோன நாள்கள் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டாதவருக்கு, குடியிருப்பு மாற்றம் என்ற பெயரில் சுங்கச் சலுகை உண்டு. எவ்வளவு மதிப்புவரை என்பதை அரசு மாற்றிவருகிறது, புறப்படும் மாதத்தில் இந்தியச் சுங்கத் துறை தளத்தில் பாருங்கள். பெட்டிக்கு ஒரு பட்டியல் எழுதி, பொருள், எண்ணிக்கை, வாங்கிய ஆண்டு போட்டு வைத்தால் துறைமுகத்தில் வேலை சீக்கிரம் முடியும்.

நகையில் நம் ஆள்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவருக்குத் தீர்வையில்லாத அளவு ஆணுக்கு 20 கிராம், அதாவது இரண்டரைப் பவுன்; பெண்ணுக்கு 40 கிராம், ஐந்து பவுன். இது நகைக்கு மட்டும். தங்கக் காசு, பிஸ்கட் இதில் வராது. அதற்கு மேல் இருந்தால், விமான நிலையச் சுங்கத்தில் அறிவிப்போருக்கான சிவப்பு வழியில் போய்ச் சொல்லித் தீர்வை கட்டுங்கள். ஊரிலிருந்து போகும்போது மனைவி போட்டுக்கொண்டு போன பழைய நகைக்குப் படமோ ரசீதோ இருந்தால் கையில் வையுங்கள். யாராவது "இதை மட்டும் கொண்டுபோய்க் கொடுத்துடுங்க" என்று நகையோ பார்சலோ தந்தால், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

ரொக்கமாக 60,000 திர்ஹத்துக்கு மேல் எடுத்துப்போனால் அங்கே அறிவிக்க வேண்டும். இங்கே 5,000 டாலர் மதிப்புக்கு மேல் வெளிநாட்டு நோட்டு இருந்தால் அறிவிக்க வேண்டும். வங்கி வழியாக அனுப்பினால் இந்த வம்பே இல்லை.

இந்தியக் கணக்குகள்

அங்கே இருக்கும்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெளிநாட்டில் இருக்கும் இந்தியருக்கென உள்ள உங்கள் என்.ஆர்.இ. வங்கிக் கணக்கில் பதிந்திருக்கும் கைபேசி எண் அமீரக எண் என்றால், ஓர் இந்திய சிம் வாங்கி, ரோமிங் போட்டு, எண்ணை மாற்றிவிடுங்கள். ஆதார், பான் ஆகியவற்றிலும் அதே எண் இருக்கட்டும். எனக்கு வரும் போன்களில் பாதி இந்த ஓடிபி சிக்கலால்தான்.

சேமிப்பு, சர்வீஸ் பணம் எல்லாவற்றையும் நீங்கள் வெளிநாட்டுவாசியாக இருக்கும்போதே என்.ஆர்.இ. கணக்குக்கு அனுப்பிவிட்டால், அது எங்கிருந்து வந்த பணம் என்று பின்னால் யாரும் கேட்டாலும் ஆதாரம் தெளிவாக இருக்கும். திரும்பி வந்து இங்கேயே இருக்கப் போகிறேன் என்றானதும், வருமான வரியின் 182 நாள் கணக்கு எப்படி இருந்தாலும், அந்நியச் செலாவணிச் சட்டத்தில் நீங்கள் இந்தியவாசி ஆகிவிடுகிறீர்கள். வங்கிக்குத் தெரிவித்து என்.ஆர்.இ. கணக்கையும், ஊர் வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்கையும் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். என்.ஆர்.இ. வட்டிக்கு வரி இல்லை என்பது அதுவரைக்கும்தான். வந்து மூன்று ஆண்டு ஆகியும் மாற்றாமல், வட்டிக்கு வரி கட்டாமல் இருப்பவர்களை எனக்குத் தெரியும். ஒரு நோட்டீஸ் வரும்வரை அது தெரியாது.

டாலரில் போட்ட எஃப்.சி.என்.ஆர். வைப்பு இருந்தால் அதை முதிர்வுவரை பேசிய வட்டியில் விட்டுவைக்கலாம். முதிர்ந்ததும் ஆர்.எஃப்.சி. என்ற கணக்கில் டாலராகவே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. பிள்ளையை வெளிநாட்டில் படிக்கவைக்கும் எண்ணம் உள்ளவர்கள் இதை வங்கியில் கேட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பணத்தை மறுபடி வெளியே அனுப்பத் தடை இல்லை. மியூச்சுவல் ஃபண்ட், டீமேட் கணக்குகளிலும் உங்கள் நிலையை மாற்றிப் பதியுங்கள்.

அமீரகத்தில் இருக்கும் வங்கிக் கணக்கை அப்படியே வைத்திருப்பது இந்தியச் சட்டப்படி தவறில்லை, வெளிநாட்டில் இருந்தபோது சம்பாதித்த சொத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆர்.என்.ஓ.ஆர். நிலை முடிந்து முழு இந்தியவாசி ஆன ஆண்டிலிருந்து அதை வருமான வரிப் படிவத்தில் காட்டியாக வேண்டும்.

கடைசி வாரமும் ஊரில் முதல் மாதமும்

குடும்ப விசா ரத்து, சர்வீஸ் பணம் கணக்கில் ஏறியதைப் பார்ப்பது, ஊருக்கு அனுப்புவது, உங்கள் கேன்சல் கையெழுத்து. வரிசை இதுதான். ரத்துத் தாளின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது வேலை மீதி இருந்தால், நம்பகமான ஒருவருக்கு நோட்டரி முன் அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள், எந்த வேலைக்கு என்று தெளிவாகப் பெயர் சொல்லி. பொதுவாக எல்லாவற்றுக்கும் என்று எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஊரில் இறங்கியதும் ஒரு வாரம் ஓய்வெடுங்கள், வீட்டில் எல்லோரோடும் இருங்கள். பிறகு வங்கி, அப்புறம் பிள்ளைகளின் பள்ளி, குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது, வாக்காளர் பட்டியல். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நல வாரியம் என்று ஓர் அரசு அமைப்பு இருக்கிறது. திரும்பி வந்தவர்களுக்கு என்ன திட்டம் நடப்பில் உள்ளது என்று அங்கே ஒரு தடவை விசாரியுங்கள். சர்வீஸ் பணத்தைக் கேட்டு வரும் சொந்தபந்தங்களுக்கும் மனை வாங்கச் சொல்லும் தரகர்களுக்கும் முதல் ஆறு மாதம் ஒரே பதில் வைத்துக்கொள்ளுங்கள்: பணம் வைப்பில் இருக்கிறது, இப்போது எடுக்க முடியாது. அதை நிஜமாகவே வைப்பில் போட்டுவிடுங்கள்.

அமீரக சிம்மை மட்டும் உடனே தூக்கிப்போட வேண்டாம். போஸ்ட்பெய்டு என்றால் கிளம்பும் முன்பே பிரீபெய்டாக மாற்றி, ரோமிங்கைத் திறந்து, கொஞ்சம் பணம் ஏற்றிக் கொண்டுவாருங்கள். தேவா டெபாசிட், வீட்டு டெபாசிட், கார் காப்பீட்டின் மிச்சம் ஆகியவை வந்து சேரும்வரை வங்கி அந்த எண்ணுக்குத்தான் செய்தி அனுப்பும். கடைசித் திர்ஹமும் ஊர்க் கணக்குக்கு வந்த பிறகு அங்கே கணக்கை மூடி, மூடியதற்கான கடிதத்தை மின்னஞ்சலில் வாங்குங்கள். அதற்குப் பிறகு சிம்மைக் கழற்றலாம்.